கோபித்துக்கொண்டு போன வீடு

மே மாதக் கடைசியில், சொத்து வரி விசாரணை முடிந்த மறுநாள் காலை, ஆல்பினா ஓர்சாக் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போயிருந்த நேரத்தில், அவளுடைய வீடு மேய்ச்சல் நிலத்தைக் கடந்து ஓடைக்கரைக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டது. அந்த வாரம் பருத்தி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, கன்றுகளுக்கு நல்ல விலை. வீடு முள்கம்பி வேலியை மிதிக்காமல் கேட் வழியாகவே போயிருப்பதைப் பக்கத்துப் பண்ணை லாடி குபேனா கவனித்துச் சொன்னான். அவ்வளவு சின்ன கேட்டில் எப்படிப் புகுந்தது என்று அவன் கேட்கவில்லை. போன பிறகு கேட்டைச் சாத்தவில்லையே என்றுதான் அவனுக்கு வருத்தம்.

டெக்சஸில் அந்தக் கவுண்டி, அதாவது அந்த மாவட்டம், முழுக்கக் கரிசல். மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். கட்டைக்கால்களின் மேல் நிற்கும் பழைய மரவீடுகள் வருஷத்துக்கு விரலளவு நகர்வது அங்கே யாருக்கும் செய்தியில்லை. ஆனால் இது நகர்வு இல்லை, கோபம். ஜன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு நின்ற விதத்திலேயே அது தெரிந்தது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே வரி போடுவதற்கான வீட்டு மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். ஹூஸ்டன் பல் மருத்துவர் எவராவது வாரக்கடைசியில் மீன் பிடிக்க ஒரு துண்டு நிலத்தை வாய்க்கு வந்த விலைக்கு வாங்கியிருப்பார். அந்த விலை அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாவற்றின் தலையிலும் ஏறும். வருஷம் பூராவும் சர்ச் விருந்துகளில் தன் வீட்டைப் பற்றிப் பீற்றிக்கொண்டவர்கள், நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே அதைத் தூற்ற ஆரம்பிப்பார்கள். சுவர் விரிசலில் காசைச் செருகிப் படம் எடுப்பார்கள். யார் கூரை அதிகம் ஒழுகுகிறது என்று தீவனக்கடையில் போட்டி நடக்கும். மே மாதம் மறுபரிசீலனைக் குழுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, வீட்டைக் கேவலமாகப் பேசி, மதிப்பைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். குழுவில் இருப்பவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான், அவர்களுக்கும் கூரைகள் உண்டு. இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அந்தப் பேச்சை வீட்டுக்குள் ஒத்திகை பார்க்கக் கூடாது. வண்டிக்குள் பார்க்கலாம், கொட்டகையில் பார்க்கலாம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஆல்பினாவின் கணவன் எமில் தன் காளைமாட்டிடம்தான் பேசிப் பார்ப்பான்.

கூரைத் தகடு மாற்ற ஏறிய எமில் கீழே விழுந்து இறந்தான். அதற்கு அடுத்த ஏப்ரலில் நோட்டீஸ் ஆல்பினாவின் பேருக்கு வந்தது. அவள் கொட்டகைக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, சுவர்களைப் பார்த்து, உரக்கவே பேசினாள். தரை சரிகிறது என்றாள். அதுவரை சமமாக இருந்த தரை அன்று மாலையே சரிந்தது, கீழே வைத்த முட்டை உருண்டு அடுப்புக்கு அடியில் போய்விட்டது. மறுவருஷம் கூரை ஒழுகுகிறது என்றாள். வெளியே நல்ல வெயில் அடிக்க, உள்ளே எமிலின் நாற்காலி மேல் மட்டும் மழை பெய்தது. அவள் நாற்காலியில் ஒரு வாளியை வைத்துவிட்டு மேற்கொண்டு பேசினாள். அவளைப் போல வீட்டைத் திட்ட அந்தக் கவுண்டியில் ஆளில்லை என்று பேர் வந்தது. அவள் முறை வரும் நாளில் கடையைச் சாத்திவிட்டுக் கேட்கப் போனார்கள். இந்த வருஷம், "அது வீடே இல்ல, சும்மா குடுத்தாலும் பேய்கூடக் குடிவராது" என்று முடித்தாள். மதிப்பு பாதியாகக் குறைந்தது. கைதட்டினார்கள்.

வீடு அதைத்தான் தாங்கவில்லை. அது போய் நின்ற இடமோ ஓடையின் வெள்ளம் ஏறும் இடம். ஜூன் மழையில் அந்த ஓடை முன்பு ஒரு பாலத்தையும் ஒரு பாப்டிஸ்ட் கோயிலையும் கொண்டுபோயிருக்கிறது. மேற்கே வானம் ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தது. எமில் அறைந்த ஆணிகளும் எமில் பூசிய வண்ணமும் அந்த ஒரு வீட்டில்தான் மிச்சம் இருந்தன. ஆல்பினாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிக்அப் வண்டியிலேயே படுத்தாள், எழுந்தாள், கரைக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். லாடி டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துப் பார்த்தான். டிராக்டர் சக்கரம்தான் மண்ணில் புதைந்தது.

"மன்னிப்புக் கேட்டுப் பாரேன்," என்றான்.

"காலைலேர்ந்து அதத்தான் பண்றேன். கதவத் தொறக்க மாட்டேங்குது."

"தனியா நின்னு கேட்டிருப்ப. திட்டுனது சபையில. சபையில கேளு."

"கேட்டா வரி ஏறுமே, லாடி."

"ஏறும். அதுக்குன்னு விட்ருவியா?"

குழுத் தலைவர் ஹெர்பர்ட் டைஸ் தீவனக்கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். மதிப்பு குறைவாக இருக்கிறது, கூட்டிப் போட வேண்டும் என்று அவள் சொன்னதும் எண்ணிக்கை தப்பிவிட்டது.

"ஆட்சேபணை மனுவுல அதுக்கு எடமே இல்லீங்களே அம்மா," என்று முதலில் அலுவலகத் தோரணையில் சொன்னார். பிறகு, "ஏண்டி ஆல்பினா, உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஊர்ல ஒருத்தரும் கூட்டிக் கேட்டதில்ல," என்றார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நீங்க எல்லாரும் அங்க வரணும், ஹெர்பர்ட். அது காதுல விழணும்."

மறுநாள் குழு மடக்கு நாற்காலிகளோடு ஓடைக்கரைக்கு வந்தது. தண்ணீர் செம்பழுப்பாகி வீட்டின் பின்புறக் கட்டைக்கால்களை நனைத்துக்கொண்டிருந்தது. பேச்சைக் கேட்க வந்தவர்கள் குடை பிடித்து நின்றார்கள். ஆல்பினா வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தாள். மரம் நல்ல பைன் மரம் என்றாள். வடக்குக் காற்றுக்கு ஒருநாளும் அசைந்ததில்லை என்றாள். குழுவில் ஒருவர் குறித்துக்கொண்டார். வீடு அசையவில்லை. திட்டும்போது அருவியாக வந்த பேச்சு இப்போது வரவில்லை. தண்ணீர் இன்னொரு படி ஏறியது.

அவள் குழுவை விட்டுவிட்டு வீட்டின் பக்கம் திரும்பினாள்.

"எமில நீ தள்ளிவிடல," என்றாள். "ஏணி வழுக்குச்சு, விழுந்தாரு. அது எனக்குத் தெரியும். அன்னிக்கே தெரியும். திட்டுறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

ஹெர்பர்ட் தொப்பியைக் கழற்றினார். பிறகு, செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், பழைய மதிப்பை வாசித்து அதற்கு மேலும் கூட்டி, "குழு ஏற்றுக்கொள்கிறது," என்றார். வீட்டின் திரைகள் விலகின. அது ஒவ்வொரு காலாகச் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு மெல்லத் திரும்பியது. குழுவினர் நாற்காலிகளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார்கள். கேட்டைத் தாண்டியதும் லாடி ஓடிப்போய் அதைச் சாத்தினான். சாயங்காலம் ஓடை கரையேறி, நாற்காலிகள் கிடந்த இடத்தை முழுக்க மூடிக்கொண்டது.

வீடு பழைய இடத்தில் நிற்கவில்லை. தபால்பெட்டி தன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றுவிட்டது, அதனால் கடிதம் எடுக்க அவள் இப்போது பின்வாசல் வழியாகப் போக வேண்டும். வரிக்காகப் பாதி மாடுகளை விற்றாள். ஊர் அவளைப் பைத்தியம் என்று தீவனக்கடையில் கொஞ்ச காலம் பேசியது. ஆனாலும் அந்த வருஷத்திலிருந்து அங்கே எல்லாரும் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள்.

அடுத்த ஏப்ரலில் நோட்டீஸ் வந்தபோது, ஆல்பினா சமையலறையில் உட்கார்ந்து அதை உரக்கப் படித்தாள், தொகையையும் விடாமல். நாற்காலி மேலிருந்த வாளியை எடுத்துக் கொட்டகையில் வைத்தாள். பிறகு ஒரு முட்டையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். அது வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்து அவித்து, எமிலின் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.