நாலு வரிக்கு மேல

என் அண்ணனுக்கு எதையும் நேரா சொல்லத் தெரியாது. குடிக்கத் தண்ணி வேணும்னாகூட, காலையில அடிச்ச வெயில், அதைப் பத்தி டிரைவர் சொன்னது, அந்த டிரைவரோட மச்சான் சொன்னதுன்னு ஊரெல்லாம் சுத்திட்டுதான் டம்ளர்கிட்ட வந்து நிப்பான். இருபத்திரண்டு வருஷமா பஸ் கண்டக்டர். அவன் ரூட்டுல ஏறுறவங்க அவனை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. "அண்ணே, விஷயத்துக்கு வா"ன்னு பாதியிலேயே வெட்டிடுவேன். அதனால எனக்கு அவன் வச்ச பேரு கத்திரிக்கோல்.

கடவுளுக்கு வேற இடமே கிடைக்கலை போல, அந்த ரேடியோவோட தொண்டையிலதான் கட்டி வந்துச்சு. ஆபரேஷன்ல குரல்வளையையே எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவன் நோட்டுல எழுதி எழுதிக் காட்டுவான். அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது. நாங்க தப்பாப் படிச்சா கோபத்துல பேனாவைத் தூக்கி அடிப்பான். அண்ணி அடுப்படியில நின்னு சத்தமில்லாம அழுவாங்க.

சரி, நம்ம தொழில் எதுக்கு இருக்குன்னு நான் இறங்கினேன். நான் புரோகிராம் எழுதுறவ. அதுலயும் சின்னத் திரைகளுக்கு எழுதுறவ. பஸ்ஸோட நெத்தியில ஓடுற பேரு, லிஃப்ட்டுக்குள்ள தெரியுற வாசகம், இதெல்லாம் எங்க ஆபீஸ் வேலை. இடம் கொஞ்சம், சொல்ல வேண்டியது நிறைய. எந்த இடத்துல வரியை மடிக்கணும்னு மெஷினுக்குச் சொல்லித் தர்றதுதான் என் சோறு. ஆபீஸ்ல வேண்டாம்னு போட்டிருந்த ஒரு திரையை எடுத்துட்டு வந்தேன். வரிக்கு இருபது எழுத்து, மொத்தம் நாலு வரி. அண்ணன் போன்ல டைப் பண்ணி அனுப்பினா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்த்த மாதிரி வச்சிருக்கிற திரையில பெரிய எழுத்துல வரும்.

கேட்கிறதுக்குச் சின்ன வேலை. செஞ்சு பார்த்தாதான் தெரியும். மெஷினுக்கு எழுத்து எண்ணத் தெரியாது. 'கை'ன்னு நாம ஒரே எழுத்தா பார்க்கிறதை அது ரெண்டுன்னு எண்ணும். அதை நம்பி வெட்டினா, எழுத்து ஒரு வரியிலயும் அதோட கொம்பு அடுத்த வரியிலயும் போய் நிக்கும். பார்க்கச் சகிக்காது. ரெண்டு நாள் மண்டையை உடைச்சு அதைச் சரி பண்ணினேன். அப்புறம் மடிக்கிறது. ஒவ்வொரு வார்த்தையா எடு, இந்த வரியில இடம் இருந்தா வை, இல்லைன்னா முழு வார்த்தையையும் அடுத்த வரிக்குத் தள்ளு. எந்த வார்த்தையும் நடுவுல உடையக் கூடாது. அதுல நான் ரொம்பக் கறார்.

நாலு வரிக்கு மேல போனா? மிச்சத்தைக் கொஞ்ச நேரம் கழிச்சுக் காட்டலாம். அரை நாள் வேலைதான். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? முதல் நாலு வரியை மட்டும் எடு, மிச்சத்தை விடுன்னு ஒரே வரியில எழுதி முடிச்சுட்டேன். "உனக்கு நாலு வரி போதும்ண்ணே. இனிமேலாவது சுருக்கமாப் பேசக் கத்துக்கோ"ன்னு சொன்னேன். சத்தமே வராம தோள் குலுங்கச் சிரிச்சான். "போடி கத்திரிக்கோல்"னு திரையில வந்துச்சு. அண்ணி சிரிச்சு அப்பதான் பார்த்தேன்.

அஞ்சு மாசம் நல்லாத்தான் போச்சு. நாலு வரிக்கு மேல டைப் பண்ணினா நாங்க முழிக்கிறதைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவான். துண்டு துண்டா அனுப்பப் பழகிட்டான். நானும் அந்த அரை நாள் வேலையை மறந்தே போயிட்டேன்.

அப்புறம் கட்டி திரும்பி வந்துச்சு. இந்தத் தடவை நெஞ்சுக்குள்ள. ஆஸ்பத்திரியில ஜன்னலோரக் கட்டில், பக்கத்துல அதே திரை. ராத்திரி அண்ணி, பகல்ல நான். மூணு வாரத்துல ஆள் பாதியாயிட்டான், மூக்குல டியூப், கழுத்துல ஓட்டை. அவனுக்கு ஒரே பொண்ணு, பத்து வயசு. பாப்பான்னுதான் கூப்பிடுவோம். அவளைக் கூட்டிட்டு வரவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னான். அவளோ வீட்டுல என் கையைப் பிடிச்சு, "அத்தை, நான் அழ மாட்டேன், சத்தியமா. எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்"னு தினமும் கெஞ்சுவா. டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாள் அதிகமில்லைன்னு சொல்லிட்டார். இவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே முடிஞ்சுடுமோன்னு பதறிப் போனேன். தினம் காலையில போனதும் முதல் வேலையா அவன்கிட்ட கேட்பேன். தலையை ஆட்டி மாட்டேன்னுடுவான்.

அந்த வியாழக்கிழமை நான் கேட்கிறதுக்கு முன்னாடியே அவன் போனை எடுத்துட்டான். ரொம்ப நேரம் டைப் பண்ணினான். நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கினான். அனுப்பிட்டு என் முகத்தையே பார்த்தான். திரையில இப்படி வந்துச்சு:

பாப்பாவைக் கூட்டிட்டு வராதேன்னு
உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்.
இந்தக் கோலத்துல அவ என்னைப்
பார்க்கவே வேணாம், பயந்துடுவா.

எனக்குப் பொசுக்குன்னு கண்ணு கலங்கிடுச்சு, கோபமும் வந்துச்சு. பெத்த பிள்ளையைப் பார்க்க மாட்டேன்னு அப்படி என்ன வீம்பு? ஆனா சாகக் கிடக்கிறவன்கிட்ட என்னன்னு சண்டை போடறது? "சரிண்ணே. உன் இஷ்டப்படியே ஆகட்டும்"னேன். அவன் என் மணிக்கட்டைப் பிடிச்சு ரெண்டு தடவை அழுத்தினான். என்னைச் சமாதானப்படுத்துறான்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல நர்ஸைக் கூப்பிட்டுத் தாடையைத் தடவிக் காட்டினான். ஷேவ் பண்ணி விடச் சொல்றான். மூணு வாரமா அக்கறையே இல்லாதவனுக்கு இன்னைக்கு என்ன சோக்குன்னு நர்ஸ் கிண்டல் பண்ணினாங்க. நானும் சிரிச்சேன். கழுத்து ஓட்டை தெரியாம துண்டைச் சுத்தி விடச் சொன்னான், சுத்தி விட்டேன். அப்புறம் கதவைப் பார்த்துட்டே இருந்தான். பதினோரு மணிக்கு "எப்ப?"ன்னு திரையில ஒரே ஒரு வார்த்தை. டாக்டரைக் கேட்கிறான்னு நினைச்சு, "பன்னெண்டுக்குள்ள டாக்டர் வந்துடுவார்"னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். திரும்பப் போனை எடுக்கப் போனான், கையில பலமில்லை, நழுவிக் கீழ விழுந்துச்சு. "பேசாம படுண்ணே, எதுக்கு இப்ப சிரமப்படறே"ன்னு போனை எடுத்து டிராயர்ல வச்சுட்டேன். ஆமா, நான்தான் வச்சேன்.

மத்தியானம் மருந்தை ஏத்தினாங்க, கண்ணு சொருகிடுச்சு. அஞ்சு மணிக்கு எல்லாம் முடிஞ்சுது.

பாப்பா அழவே இல்லை. அது எங்க எல்லாருக்கும் பயமா இருந்துச்சு. பத்து நாள் கழிச்சு, துணி மடிச்சுட்டிருந்த என் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "அத்தை, அப்பாவுக்கு என் மேல என்ன கோபம்? ஏன் என்னை வேணாம்னார்?"னு கேட்டா. இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சு எனக்கு. "கோபம் இல்லைடா கண்ணு, உன்னைப் பத்தியேதான் பேசிட்டு இருப்பார்"னு சொன்னேன். அவ நம்பலை. சரி, அவன் டைப் பண்ணினதெல்லாம் போன்ல சேர்ந்திருக்குமே, அவளைப் பத்திச் சொன்னதையெல்லாம் எடுத்துக் கொடுக்கலாம்னு மறுநாள் காலையில உட்கார்ந்தேன்.

வெட்டினது திரைக்குத்தான். போன்ல எல்லாமே முழுசா இருந்துச்சு. அந்த வியாழக்கிழமைக்கு வந்தேன். காலை ஒன்பது நாப்பது. அன்னைக்குத் துண்டு துண்டா அனுப்பத் தோணலை போல, நாலு வரியோட அது முடியலை.

"ஆனா நேத்து கனவுல வந்து அப்பான்னு கூப்பிட்டா. என்னால பதில் சொல்ல முடியலை. எப்படி இருந்தாலும் நான் அவ அப்பன்தானே. பார்க்கணும்போல இருக்குடி. இன்னைக்கே கூட்டிட்டு வா. ஷேவ் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கேன்."

நாலாவது வரியை எண்ணிப் பார்த்தேன். இடைவெளி, கமா, புள்ளி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு எழுத்து நிரம்பியிருந்துச்சு. ஒரு இடைவெளி விட்டு 'ஆனா'ன்னு ரெண்டெழுத்து வைக்கணும்னா இருபத்தொண்ணு. ஒரே ஒரு எழுத்துக்கு இடம் பத்தலை. வார்த்தையை உடைக்கக் கூடாதுங்கிற கறார்ல என் புரோகிராம் அதை அப்படியே அஞ்சாவது வரிக்குத் தள்ளிடுச்சு. பாதி 'ஆனா'வாவது திரையில நின்னிருந்தா, என்னமோ விட்டுப்போச்சேன்னு அவன் போனை வாங்கிப் பார்த்திருப்பேன். நான் எழுதினது அவ்வளவு சுத்தமா வெட்டியிருந்துச்சு. அடிப்பாவின்னு என் வாயாலயே சொல்லிக்கிட்டேன்.

அண்ணிகிட்ட முதல்ல சொன்னேன். "அவகிட்ட சொல்ல வேணாம், தாங்க மாட்டா"ன்னாங்க. நானும் அதைத்தான் நினைச்சேன். சொன்னா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டா. சொல்லலைன்னா, அப்பா வேணாம்னு ஒதுக்கின பிள்ளையாவே அவ வளருவா. யோசிக்க யோசிக்க எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு: திரும்பவும் நான் அவனை வெட்டக் கூடாது. "இல்லை அண்ணி, சொல்லித்தான் ஆகணும்"னேன். அவங்க எழுந்து உள்ள போயிட்டாங்க.

பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா. பையைக் கூட இறக்கலை, போனை அவ கையில கொடுத்துட்டேன். நடந்ததை எதையும் மறைக்காம சொன்னேன். நான் எழுதினது, நான் படிச்சது, நான் டிராயர்ல வச்சது, எல்லாம். அவ மெதுவாப் படிச்சா, திரும்பவும் முதல்லேர்ந்து படிச்சா. 'பார்க்கணும்போல இருக்குடி'ங்கிற இடத்துல விரலை வச்சா.

"ஒன்பது நாப்பதுக்கு எழுதியிருக்கார்"னா.

"ஆமா கண்ணு."

"அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தாரா?"

"மத்தியானம் வரைக்கும் இருந்தார், கதவையே பார்த்துட்டு."

என்னை அடிப்பா, கத்துவான்னு காத்திருந்தேன். அடிச்சிருந்தா தேவலை.

"அன்னைக்கு எனக்கு லீவு அத்தை. நான் வீட்டுல சும்மாதான் இருந்தேன்"னு சொல்லிட்டு, அப்பதான் அழ ஆரம்பிச்சா.