டைரக்டர் வீட்டு முதல் பறி

அறுபது நாளில் விளையும் காராமணியைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி ஆராய்ச்சி நிலையத்தில் நுழைந்தவருக்கு, அங்கே இருந்தவர்கள் வைத்த பெயர் ‘அறுபது’. அவருடைய ஐந்தாவது விளைச்சலோ எண்பத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தது. திங்கட்கிழமைக்குள் காரணம் எழுதித் தராவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, கிடங்கில் சாக்கு எண்ண அனுப்பிவிடுவதாக டைரக்டர் மெமோ கொடுத்துவிட்டார்.

காகிதத்தில் அவர் போட்ட திட்டத்தில் பிழையே இல்லை. இரண்டு ரகங்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய இந்தக் கலப்பில், முந்தி விளையும் குணம் கொஞ்சம் கூச்ச சுபாவம். தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் வந்தால்தான் தலைகாட்டும்; ஒன்றில் மட்டும் வந்தால் ஒளிந்தே இருக்கும். பேரப்பிள்ளைத் தலைமுறையில் நாலில் ஒரு செடி. அதன் நெற்றை விதைத்தால் எல்லாமே முந்தி விளையவேண்டும். அதனால் வருஷாவருஷம் முதலில் உலர்ந்த நெற்றையே விதைக்கு எடுத்தார். நெற்று உலரும்வரை வயல் பக்கம் போகமாட்டார் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை வயலில் மேஸ்திரியம்மாவைப் பிடித்தார்.

"முந்திப் பூக்கிற செடி ஒண்ணுகூடவா இல்ல?"

"இல்லாம என்ன சார்? நாப்பது நாள்லயே பூத்துடும். பிஞ்சாப் பறிச்சாத்தானே சமையலுக்கு நல்லாருக்கும்."

"யார் சமையலுக்கு?"

"டைரக்டர் வீட்டுக்குத்தான். முதல் பறி அங்க போறதுதானே வழக்கம். ஒரே வீச்சுல காய்ச்சு ஓஞ்சுடுற செடிங்க, அப்புறம் எதுக்கு எடத்த அடைச்சுக்கிட்டு? பிடுங்கி மாட்டுக்குப் போட்டுடுவோம்."

‘அறுபது’ வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தேடிய மரபணு தலைகாட்டியபோதெல்லாம் வருஷம் தவறாமல் அதைத் தின்று ஏப்பம் விட்ட மனிதர்தான், ஏன் தாமதம் என்று மெமோவும் அனுப்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை டைரக்டர், முதல் பறி போன இடம் எழுதியிருந்த அறிக்கையை இரண்டுதரம் படித்தார்.

"இது மேலிடத்துக்குப் போகுமா?"

"நீங்க காரணம் கேட்டீங்க சார். எழுதிட்டேன்."

"வானிலைன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்கு சார். பழைய கலப்பு விதையும் குளிர்பெட்டியில இருக்கு. மூணு வருஷம் குடுங்க."

"ரெண்டு."

"ரெண்டுன்னா வானிலை கொஞ்சம் சந்தேகமாயிடும் சார்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, மூணு. ஆனா வீட்டுல காய் கேட்டா என்னய்யா சொல்றது?"

"சந்தையில கிடைக்குதுன்னு சொல்லுங்க சார்."

மூன்று வருஷ அனுமதியில் கையெழுத்து விழுந்தது. பேனா காகிதத்தைக் கிழிக்காததுதான் பாக்கி.