பேர் வாங்கிய சிலந்தி

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற தன் சம்பா வயலுக்குள் ஒரு பெண் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருப்பதைப் பார்த்த வைரக்கண்ணு, "ஏம்மா, தோடு கீடு தொலைஞ்சுபோச்சா?" என்று வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார்.

அவள் நிமிர்ந்தாள். தலையில் தொப்பி, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, சட்டைப் பையில் கண்ணாடிக் குப்பிகள். "இல்லைங்கய்யா. சிலந்தி தேடுறேன்" என்றாள்.

வயலில் எலி பிடிக்க வருகிறவர்களை வைரக்கண்ணு பார்த்திருக்கிறார். நண்டு பிடிக்க வருகிறவர்களையும் பார்த்திருக்கிறார். எட்டுக்கால் பூச்சியைத் தேடி ஒருத்தர் வந்தது நன்னிலம் வட்டாரத்திலேயே இதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றியது.

பெண்ணின் பெயர் கனிமொழி. பக்கத்துக் கிராமம்தான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சுற்றுவட்டார வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். மகள் இப்போது தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். நெல்வயலில் வாழும் சிலந்திகள்தான் அவளுடைய ஆராய்ச்சி.

"உங்க வயல்ல ஒரு குட்டிச் சிலந்தி இருக்குதுங்கய்யா. அரிசி அளவுதான். முதுகுல மஞ்சளா ஒரு கோடு. உலகத்துல இதுவரைக்கும் யாருமே எழுதிவைக்காத இனம்னு நினைக்கிறேன். எனக்குப் பெண் சிலந்திங்க கிடைச்சிருச்சு. ஆண் கிடைக்கல. ஆணுக்கு முகத்துப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கை இருக்கும். ஒவ்வொரு இனத்துக்கும் அது ஒவ்வொரு தினுசு. அதைப் பார்த்தாத்தான் இது புதுசுன்னு அடிச்சுச் சொல்லலாம்."

"அதெப்படி என் வயல்ல மட்டும்?"

"மத்த வயல்ல மருந்து அடிச்சுட்டாங்க. நீங்க அடிக்கலையே."

ட்ரோனில் மருந்து அடிக்கிறவர் நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன் என்று இழுத்தடித்துக் கடைசியில் வராமலே போனார் என்பதுதான் உண்மை. வைரக்கண்ணு அதைச் சொல்லவில்லை. "ஆமாம்மா, எனக்கு இந்த விஷமெல்லாம் ஆகாது" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து கனிமொழி தினமும் வந்தாள். வைரக்கண்ணுவின் மனைவி அகிலாண்டம் அவளுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எட்ட நின்றுகொள்வாள். காரணம், எட்டுக்கால் பூச்சி என்றாலே அகிலாண்டத்துக்கு உயிர் போய்விடும். குளியலறைச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தெருவே கூடுகிற மாதிரி கத்துவாள்.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து மோர் குடித்தபடி கனிமொழி பெயர் வைக்கிற கதையைச் சொன்னாள். எந்த உயிருக்கும் விஞ்ஞானத்தில் இரண்டு சொல்லில் பெயர். முதல் சொல் அதன் கூட்டத்துக்குப் பொது. இரண்டாவது சொல்தான் அந்த இனத்துக்கே உரியது. கண்டுபிடித்து எழுதுகிறவர் அதை வைக்கலாம். ஊர்ப் பெயர் வைக்கலாம், நிறத்தை வைத்து வைக்கலாம், மனுஷர் பெயரும் வைக்கலாம்.

"அப்ப உன் பேரையே வெச்சுக்கிட வேண்டியதுதானே?"

"தன் பேரைத் தானே வெச்சுக்கிட்டா நாலு பேர் சிரிப்பாங்கய்யா. அது வழக்கமில்ல."

"வெச்சா எத்தனை காலத்துக்கு இருக்கும்?"

"உலகம் இருக்கிற வரைக்கும்."

வைரக்கண்ணு யோசித்தார். அவருடைய மகன் இளஞ்செழியன் சிங்கப்பூரில் இருக்கிறான். வயலைப் பார்க்க அவன் திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. பட்டாவில் இருக்கிற பெயர் இன்னொரு தலைமுறைக்கு மேல் தாங்காது. ஆனால் உலகம் இருக்கிற வரைக்கும் ஒரு பெயர்!

"வைரக்கண்ணுன்னு வெச்சா எப்படி இருக்கும்?" என்று பட்டும் படாமலும் கேட்டார்.

"லத்தீன் முறைப்படி ஆம்பளை பேர்னா கடைசியில 'இ' சேரும். வைரக்கண்ணுயி" என்று கனிமொழி சிரித்தாள். "முதல்ல ஆண் கிடைக்கட்டும். அப்புறம் பார்க்கலாங்கய்யா."

பார்க்கலாம் என்ற சொல் வைரக்கண்ணுவின் காதில் 'வைக்கலாம்' என்றுதான் விழுந்தது. அன்று சாயங்காலமே நன்னிலத்துக்குப் போய், உரக்கடை வைத்திருக்கும் தன் சிநேகிதர் ஜாஃபர் சாதிக்கிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"உன் பேர்ல பூச்சியா?" ஜாஃபர் சாதிக் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார். "நான் பூச்சி மருந்து வித்துப் பொழைக்கிறேன். நீ பூச்சியாவே ஆயிட்டியே வைரம்!"

கொஞ்ச நாளில் அறுவடை வந்தது. வானிலை அறிக்கையில் மழை என்று சொல்லிவிட்டார்கள். ஊரே அறுவடை வண்டிக்காக அடித்துக்கொண்டது. எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வண்டியைப் பிடித்து வயலில் இறக்கிவிட்டு, தார்ப்பாய் வாங்க வைரக்கண்ணு நன்னிலத்துக்குப் போயிருந்தார். கடையில் நிற்கும்போதே டிரைவரிடமிருந்து போன்.

"சார், வாய்க்கால் ஓரத்து மூலையை அறுக்க வேணாம்னு அம்மா குறுக்க வந்து நிக்கறாங்க."

"போனை அவகிட்ட குடு!"

அகிலாண்டம் போனில் வந்தாள். "அந்தப் புள்ளைக்கு இன்னும் ஆம்பளைப் பூச்சி கிடைக்கலையாம். மெஷின் போனா எல்லாம் நசுங்கிடுமாம். இந்த மூலை மட்டும் இருந்துட்டுப் போவட்டும்."

"மழை வருது, தெரியுதா இல்லியா?"

"வரட்டும். ஒரு மூலைதானே?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் டிரைவர் எடுக்கவில்லை. அடுத்த வயலுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வைரக்கண்ணு தார்ப்பாயோடு வயலுக்கு வந்து சேர்ந்தபோது மழையும் கூடவே வந்து சேர்ந்தது. வாய்க்கால் மூலையில் நெல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. கத்தலாம் என்று வாயைத் திறந்தவர் எதிரே, நனைந்துபோன கனிமொழி ஒரு குப்பியை உயர்த்திப் பிடித்தபடி ஓடிவந்தாள். "கிடைச்சிருச்சுங்கய்யா! ஆண் கிடைச்சிருச்சு!"

அகிலாண்டம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது. மழையில் குளிர் போல என்று வைரக்கண்ணு நினைத்தார். படுத்த நெல்லை அடுத்த வாரம் ஆள் விட்டுக் கையால் அறுத்தார்கள். பாதி முளைத்திருந்தது. போகட்டும், நெல் போனாலும் பேர் நிற்கும் என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

சிலந்தியைப் பற்றி எழுதி, மற்ற நிபுணர்கள் அலசி, அச்சாகி வரப் புரட்டாசி ஆகிவிட்டது. "பேர் வெளியாயிடுச்சு, ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன்" என்று கனிமொழி போனில் சொன்னதும் வைரக்கண்ணு ஜாஃபர் சாதிக்கிடம் ஓடினார். சிநேகிதர் சும்மா இருப்பாரா? ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் டீக்கடைக்கு எதிரே ஆளுயர ஃபிளெக்ஸ் நின்றது. ஒரு பக்கம் வைரக்கண்ணு கும்பிட்டபடி. மறுபக்கம் அவரைவிடப் பெரிதாக ஒரு சிலந்தி. நடுவில், 'உலக விஞ்ஞானத்தில் இடம்பிடித்த எட்டுக்கால் பூச்சி வைரக்கண்ணு அவர்களை வாழ்த்துகிறோம்!'

பஸ்ஸிலிருந்து இறங்கிய கனிமொழி அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். கும்பகோணத்தில் வாங்கிய இனிப்புப் பெட்டியை நீட்டும்போதே அவள் முகம் சரியில்லை.

"ஃபிளெக்ஸ் பார்த்தேங்கய்யா…"

"ஜாஃபர் பாய் வேலை. வேணாம்னுதான் சொன்னேன்" என்று வைரக்கண்ணு நெளிந்தார்.

"ஐயா, அந்தச் சிலந்திக்கு அம்மா பேரைத்தான் வெச்சிருக்கேன்."

"எந்த அம்மா?"

"இந்த அம்மா." கனிமொழி அகிலாண்டத்தின் கையைப் பிடித்தாள். "பொம்பளை பேர்னா கடைசியில 'ஏ' சேரும். அகிலாண்டே."

அகிலாண்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தனை வருஷமா இவங்க வெறும் 'ஏ'ன்னுதான் கூப்பிட்டாங்க. நீயாவது முன்னாடி பேரைச் சேர்த்தியே!"

அது உண்மை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வைரக்கண்ணு மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ', 'இந்தா', வெளியாட்களிடம் 'வீட்டுல'. வெறுப்பு ஒன்றும் இல்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார். பழகிவிட்டது, அவ்வளவுதான்.

"மாத்த முடியாதா?" என்றார் மெதுவாக.

"அச்சாயிட்டா அவ்வளவுதாங்கய்யா."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று எழுந்தார். வயலும் என்னுடையது, போன நெல்லும் என்னுடையது, பேர் மட்டும் இவளுக்கா? சின்னப்பிள்ளைத்தனம் என்று தெரிந்தது. தெரிந்தும் வலித்தது.

"ஒரு நிமிஷம் உட்காருங்கய்யா. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு அம்மா உங்ககிட்டச் சொல்லலையா?" என்றாள் கனிமொழி.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்று அகிலாண்டம் உள்ளே போகப் பார்த்தாள். கனிமொழி விடவில்லை.

"மழை இருட்டிக்கிட்டு வருது. நான் தேடித் தேடிக் கிடைக்கலைன்னு அழுகாத குறை. அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. திரும்பிப் பார்த்தா, அந்த ஆண் சிலந்தி அம்மா தோள்மேல உட்கார்ந்திருக்கு! தத்திக்கிட்டே கழுத்துக்கு ஏறுது. தட்டிவிட்டா போச்சு, சேத்துல விழுந்து எங்கன்னே தெரியாது. அசையாதீங்கம்மான்னு கத்தினேன். அம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க. அது கழுத்துல ஏறி, கன்னத்துல நடந்து, காதுக்குப் பக்கத்துல போச்சு. கண்ணுல தண்ணி ஊத்துது. ஆனா காலு ஒரு அங்குலம் நகரல. நான் குப்பியில பிடிச்சப்புறம்தான் மூச்சே விட்டாங்க."

கனிமொழி கைப்பேசியில் ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்து காட்டினாள். "பெயர்க்காரணம்னு ஒரு பத்தி இருக்கும். அதுல இதைத்தான் எழுதியிருக்கேன். வயலைக் கொடுத்ததுக்கு உங்களுக்கு நன்றியும் போட்டிருக்கேன்."

வைரக்கண்ணு மனைவியைப் பார்த்தார். குளியலறைச் சுவரைப் பார்த்துக் கத்துகிற அதே அகிலாண்டம்தான். தனக்குச் சம்பந்தமே இல்லாதவளைப் போல முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"கன்னத்துலேயா நடந்துச்சு?" என்று கேட்டார்.

"ம்."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"நெல்லு படுத்துடுச்சேன்னு நீங்க கோவமா இருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிறு குலுங்க வந்தது. அந்த வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "அடேயப்பா! நானா இருந்தா எகிறிக் குதிச்சிருப்பேன்" என்றார்.

அதற்குள் வாசலில் சத்தம். ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு ஒரு யூடியூப் சேனல்காரர் மைக்கோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஜாஃபர் சாதிக், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. அகிலாண்டம் சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டாள்.

"ஐயா, உங்க வயல்ல கிடைச்ச புது சிலந்தியோட பேரு என்னங்கய்யா?" மைக் வைரக்கண்ணுவின் மீசைக்கு நேரே வந்து நின்றது.

"அது வந்து… எங்க வீட்டுல…"

"வீட்டுலயா? வயல்லன்னு சொன்னாங்களே?"

"வயல்லதான் தம்பி. பேரு வந்து… எங்க வீட்டு ஆளோட பேரு."

"அதாங்கய்யா, அது என்ன பேரு?"

தெருவே அவர் வாயைப் பார்த்தது. ஜாஃபர் சாதிக் 'வைரக்கண்ணு' என்று உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். வைரக்கண்ணுவுக்குக் காது மடல் சூடேறியது. சொந்தப் பெண்டாட்டி பேரைச் சொல்ல இவ்வளவு வெட்கமா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வயலில் தூரத்து ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"அகிலாண்டம்!"

"இதோ வந்துட்டேன்!" என்று சமையல்கட்டிலிருந்து பதில் வந்தது.

தெரு சிரித்த சிரிப்பில் சேனல்காரருக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது. கையில் கரண்டியோடு வெளியே வந்த அகிலாண்டம், கூப்பிட்டது யார் என்று திகைத்து நின்றாள். கூப்பிட்டது யார் என்று புரிந்ததும் முகமெல்லாம் சிவந்துபோனாள். பேட்டியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குப் பூச்சின்னா பயம்தாங்க. ஆனா அது ரொம்ப மெதுவா நடந்துச்சு."

ஃபிளெக்ஸை எடுத்துவிடலாம் என்றார் வைரக்கண்ணு. கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று ஜாஃபர் சாதிக் ஒரு வெள்ளைத் தாளில் 'அகிலாண்டம்' என்று எழுதி வைரக்கண்ணுவின் பெயர் மேல் ஒட்டிவிட்டார். கும்பிடுகிற மீசைக்காரர் அகிலாண்டமாகத் தீபாவளி வரைக்கும் நின்றார்.

அந்த வாரமே ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் தண்ணீர்க் குடத்தில் கண்ட நத்தையை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, "இதுக்கு ஏற்கெனவே பேரு இருக்கான்னு அந்தப் பொண்ணைக் கேட்டுச் சொல்லுங்க" என்று தினமும் வந்தாள். டீக்கடைக்காரர் பக்கிரி ஒரு வண்டின் படத்தைக் கனிமொழிக்கு அனுப்பினார். அது சாதாரண சாணி வண்டு என்று பதில் வந்ததில் அவருக்கு வருத்தம்.

நடவு முடிந்த வயலில் ஒரு காலை, வைரக்கண்ணு ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு வரப்போரம் குனிந்திருந்தார். டிபனோடு வந்த அகிலாண்டம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னங்க தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவள் டிபன் கேரியரை வரப்பில் வைத்தாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"அந்தப் பக்கம் நான் பார்க்கறேன். பச்சையா ஏதோ ஒண்ணு தாவுது" என்றாள்.