கம்பளி இல்லாதவன் போகலாம்

ஷெரிஃப்மூர் சண்டையில் ஜெயித்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். கடல் கடந்து இருந்த ராஜாவை அரியணை ஏற்றக் கிளம்பிய படையில் நானும் அங்கே வாள் வீசியவன்தான், எனக்கே தெரியாது. வலதுபக்கத்தில் நின்ற நாங்கள் எதிரியின் இடதுபக்கத்தை இரண்டு மைல் விரட்டினோம். அதே நேரத்தில் எதிரியின் வலதுபக்கம் எங்கள் இடதுபக்கத்தை ஆற்றுவரை விரட்டிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்து பார்த்தால், பாதி ஜெயித்துப் பாதி தோற்ற இரண்டு படைகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நாங்கள் மேட்டில், அவர்கள் கீழே மண்சுவருக்குப் பின்னால். இறங்கி ஒரு போடு போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எங்கள் தளபதிப் பிரபு இறங்கச் சொல்லவில்லை. பொழுது சாய்ந்ததும் அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், நாங்கள் ஒரு பக்கம் போனோம். இந்த லட்சணத்துக்குப் பெயர் சண்டை.

இதற்குப் போய் நான் கம்பளியைக் கழற்றி எறிந்தேன். எங்கள் மலைநாட்டுக்காரன் எதிரிமேல் பாய்வதற்கு முன் இடுப்புப் பட்டையை அவிழ்த்துக் கம்பளியைத் தரையில் போட்டுவிட்டு, சட்டையோடு ஓடுவான். ஐந்து கஜக் கம்பளி காலைச் சுற்றினால் வாளை எப்படி வீசுவது? பகலில் அதுதான் உடுப்பு, ராத்திரியில் அதுதான் படுக்கை. சண்டை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பன் பாட்டன் காலத்து வழக்கம். ஜெயித்தவனுக்குக் களம் சொந்தம், செத்தவனுக்குக் குளிராது. யாருமே ஜெயிக்காத சண்டையில் என்ன செய்வது என்று எந்தப் பாட்டனும் சொல்லி வைக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது எதிரியின் குதிரைகள் அந்த இடத்தை உழுதுவிட்டிருந்தன. பாதிக் கம்பளிகளை யாரோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இருட்டுவதற்குள் உறைந்த சேற்றைக் கிளறிக் கிளறி என்னுடையதை மட்டும் கண்டுபிடித்தேன். கில்லஸ்பியுடையது கிடைக்கவில்லை.

கில்லஸ்பி என் மனைவி மார்சலியின் தம்பி. தோளில் குண்டு பாய்ந்திருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மார்சலி என்னிடம், "ராஜா வந்தா என்ன, போனா என்ன. என் தம்பியை உயிரோட கூட்டிட்டு வந்துடுங்க" என்று மட்டும்தான் சொன்னாள்.

பெர்த் ஊருக்கு வந்து முகாம் போட்டோம். மழை, அதற்கு மேல் பனி, அதற்கு மேல் தண்ணீராய் ஓடும் ஓட்ஸ் கஞ்சி. ஒரே கம்பளிக்குள் நானும் அவனும் முடங்கிக் கிடந்தோம். அவனுக்கு ஜுரம் ஏறிக்கொண்டே போனது. முந்நூறு காயக்காரர்களுக்கு ஒரே வைத்தியர். அவரும் பாதி நேரம் குடித்திருப்பார்.

"அத்தான், எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது. எலிப்புழுக்கை நாம எதுக்குக் காயறோம்?" என்றான் கில்லஸ்பி.

"வாயை மூடிக்கிட்டுப் படுடா."

அவன் அங்கேயே கிடந்தால் செத்துவிடுவான், எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்குக் கொண்டுபோனால் பிழைப்பான். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் போக முடியாது. எங்கள் ரன்னக் பக்கத்து ஆட்களைத் திரட்டியவர் லாக்லன், நிலப்பிரபுவின் காரியக்காரர். வராதவன் கூரையில் தீ வைப்பேன் என்று வீடு வீடாகச் சொல்லிக் கூட்டி வந்தவர். ஓடிப்போகிறவனுக்கும் அதே தண்டனைதான்.

கம்பளி இல்லாதவர்கள் குளிரில் விறைக்க ஆரம்பித்ததும் லாக்லனுக்கே வேறு வழி தெரியவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "கம்பளி இல்லாதவன் வீட்டுக்குப் போய் எடுத்துக்கிட்டு மூணு வாரத்துல வந்துடணும். இருக்கிறவன் ஒரு அடி நகரக் கூடாது."

"ஐயா, நாங்க ரெண்டு பேரு. கம்பளி ஒண்ணு" என்றேன்.

"அப்ப ஒருத்தன் போ, ஒருத்தன் இரு."

"இவனால எழுந்து நிக்கவே முடியல ஐயா. தனியா எப்படிப் போவான்?"

"அது உன் பாடு, ஃபார்க்கர்."

என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்தச் சேற்றைக் கிளறாமல் சும்மா வந்திருந்தால் இன்றைக்கு இரண்டு பேரும் போகலாம். கம்பளியை ஆற்றில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். எறிந்தால் ஊருக்குப் போகும் வழியில் மலைக்கணவாயில் முதல் ராத்திரியே கில்லஸ்பி விறைத்துப்போவான்.

கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தறி குறுகல். இரண்டு பட்டையாக நெய்து, நடுவில் நீளத்துக்குத் தைத்தால்தான் ஒரு முழுக் கம்பளி. மார்சலி தைத்த தையல் அது, பல்லால் இழுத்தாலும் வராது. கத்தி முனையால் ஒவ்வொன்றாக அறுத்தேன். அவள் வேலையை அவளுக்குத் தெரியாமல் கெடுத்தேன்.

மறுநாள் காலையில் ஆளுக்கொரு பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாக்லன் முன்னால் நின்றோம்.

"இது என்னடா?"

"பாதி, ஐயா."

"நேத்து முழுசா இருந்துச்சே?"

"நேத்து இருந்துச்சு, ஐயா. பாதியைக் கட்டினா தோளுக்கு இல்ல, போர்த்தினா இடுப்புக்கு இல்ல. இதைக் கம்பளின்னு நீங்க சொன்னா இங்கேயே இருக்கோம்."

என்னை அறைவார் என்றுதான் நினைத்தேன். அவர் கில்லஸ்பியின் வெளுத்த முகத்தைப் பார்த்தார். "போய்த் தைச்சுக்கிட்டு வாங்க. மூணு வாரம்" என்றார்.

ஐந்து நாள் நடை. கடைசி இரண்டு நாள் கில்லஸ்பி நடக்கவில்லை, நான்தான் சுமந்தேன். உயிர் பிழைத்தான். இடது கை மட்டும் பிறகு தூக்க வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து லாக்லன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். கதவைத் திறந்ததும் என் தோளில் ஒரு பட்டையும், கில்லஸ்பியின் படுக்கையில் ஒரு பட்டையும் அவர் கண்ணில் பட்டன.

"இன்னும் தைக்கலையா மார்சலி?"

"நூல் இல்ல, ஐயா."

"அந்த நூற்கிற கதிர்ல இருக்கிறது என்ன?"

"அது வேற நூல்."

"வராதவன் கூரைக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். கூரை அதோ இருக்கு, கொள்ளி அடுப்புல இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. யாரு ஜெயிச்சது?"

"நாமதான்னு தளபதிப் பிரபு சொல்லியிருக்காரு."

"ஜெயிச்சவங்களுக்குக் கை விளங்காதவன் எதுக்கு ஐயா?"

லாக்லன் அடுப்போரம் உட்கார்ந்தார். மார்சலி கொடுத்த கஞ்சியைக் குடித்தார். முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு போனவர், இப்போது நான்கு பேர்தான் முகாமில் மிச்சம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எழுந்து வெளியே போனார். பெர்த் போகும் பாதையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், எதிர்ப்பக்கம் திரும்பித் தன் வீட்டுக்குப் போகும் பாதையில் இறங்கினார்.

அவர் தலை மறைந்த பிறகுதான் மார்சலி ஊசியை எடுத்தாள். அந்தக் கதிரின் நூல் ஊசிக் காதில் நுழையவே மறுத்தது. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.