தோர்ல்பி ஐயர் விட்ட இடம்

கனடாவின் மொன்றியல் நகரத்து வில்லரேயில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் அந்தச் செய்தி முதலில் யோசெப்பினின் கதவைத்தான் தட்டும். சொந்தபந்தங்களின் வீடுகளுக்கு அது ஆறுதலாகப் பிறகு நடந்து போகும். யோசெப்பின் கத்தோலிக்கம். ஆனாலும் புரொட்டஸ்தாந்துக்காரரின் செத்தவீடு ஒன்றையும் அவள் தவறவிட்டது கிடையாது. கேட்டால், "எங்கட ஃபாதர் கெதியா முடிச்சிடுவார். பேரின்பநாதன் ஐயர் எண்டால் வடிவா அழ வைப்பார்" என்பாள். ஆராதனை முடிந்ததும் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் தின்னக் கொடுக்கும் ரோல்ஸைப் பற்றி அவள் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துப் புரொட்டஸ்தாந்துக்காரர் தங்கள் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவார்கள். பேரின்பநாதன் ஐயரின் ஐயரம்மா ஜெகதீஸ்வரி. பெயரே சொல்லும், சைவக் குடும்பத்துப் பெண். வீட்டார் ஒற்றைக்காலில் நின்று மறித்தும் ஐயரை விரும்பிக் கட்டியவள். மகள் சிவாஜினி நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் வீடு வாங்கித் தாய் தகப்பனை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தாள். ஐயர் மட்டும் சபை இருக்கும் இடத்தில்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்து வில்லரேயில் யோசெப்பினுக்குக் கீழ்வீட்டில் குடியேறினார். மேலே கதிரையை நகர்த்தினால் கீழே ஜெகதீஸ்வரிக்குக் கேட்கும். கீழே ஜெகதீஸ்வரி அழுதால் மேலே யோசெப்பினுக்குக் கேட்கும். சரியாகக் கேட்காவிட்டால் யோசெப்பின் கதிரையை விட்டுவிட்டு நிலத்தில் குந்துவாள்.

ஊரையே அழ வைத்த அந்தச் செத்தவீட்டுப் பிரசங்கம் ஐயருடைய சொந்தச் சரக்கல்ல. அவர் அதை மறைத்ததும் இல்லை. "தோர்ல்பி ஐயர் சொல்லுகிறார்" என்றுதான் தொடங்குவார். அம்புரோஸ் தோர்ல்பி விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயப் போதகர். இங்கிலாந்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் காலையில் பிரசங்கமும் பின்னேரத்தில் நாவலுமாக எழுதி வாழ்ந்தவர். நாவல்களை நம்முடைய ஐயர் கண்ணாலும் கண்டதில்லை. பிரசங்கத் தொகுதி ஒன்று மட்டும், மிஷன் பள்ளிக்கூடத்துக் கரையான்கள் தின்று களைத்துப்போய் விட்ட மிச்சமாக, இளவயதில் அவர் கைக்கு வந்தது. முன்பக்கங்கள் இல்லை. யோசெப்பின் வெகுகாலமாகத் தோர்ல்பி ஐயரை யாழ்ப்பாணத்து உடுவில் பக்கத்து ஆள் என்றே நினைத்திருந்தாள்.

தோர்ல்பியின் பிரசங்கங்களில் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்தில் பேரின்பநாதன் ஐயர் அதையெல்லாம் மாரி வெள்ளமாக மாற்றினார். குளிர்காயும் நெருப்பை அரிக்கன் லாம்பாக்கினார். மொன்றியலுக்கு வந்த முதல் தை மாதம், யன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, வெள்ளத்தை மறுபடி பனியாக்கினார். சபைக்கு அது இன்னும் நன்றாக விளங்கியது.

செத்தவீட்டுப் பிரசங்கத்தின் நடுவில் ஓர் இடம் உண்டு. 'கடலும் நிலமும் தம்மிடம் உள்ளவரைத் திருப்பித் தரும் நாள்வரைக்கும், கர்த்தாவே, உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்' என்று வரும். அதற்குப் பிறகு அச்சில் ஒரு வரி அளவுக்கு வெறும் இடைவெளி, அதைத் தாண்டித்தான் மீதி தொடரும். இறந்தவரின் பெயரைச் சொல்வதற்காகத்தான் தோர்ல்பி ஐயர் அங்கே இடம் விட்டிருக்கிறார் என்று நம்முடைய ஐயர் எடுத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப்பெயரைச் சொல்லுவார். அந்த நேரத்தில் மண்டபமே உடையும். பெண்கள் ஒரு வசனம் முன்னதாகவே கண் துடைக்க லேஞ்சியை விரித்து வைத்துக்கொள்வார்கள்.

எத்தனையோ பேருக்கு அந்த இடம் கிடைத்தது. ஜெகதீஸ்வரியின் மகனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

பிருந்தன் ஆட்களைக் களவாகக் கப்பலேற்றும் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாடு புறப்பட்டவன். மேற்கு ஆபிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் எடுத்து, "நாளைக்குக் கப்பல், அம்மா" என்றான். கப்பல் எங்கும் போய்ச் சேரவில்லை. அதில் ஏறிய மற்றப் பெடியன்களின் வீடுகளில் படத்துக்கு மாலை போட்டு வருடக்கணக்காகிவிட்டது. ஐயர் வீட்டில் படமும் இல்லை, மாலையும் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஒரு மன்றாட்டு நடந்தது. "தரை வழியாயும் கடல் வழியாயும் பயணம் பண்ணுகிறவர்களுக்காக" என்று பொதுவாகத் தொடங்கி, "பிருந்தனுக்காகவும்" என்று முடிப்பார் ஐயர். எட்டு வருடமாக அவன் பயணம் பண்ணிக்கொண்டிருந்தான். சபையும் எட்டு வருடமாக அதற்கு ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த பிறகு சபை வேறு விதமாகக் கதைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜெகதீஸ்வரி கேட்டது ஒன்றைத்தான். பிள்ளையைப் பயணிகளிடமிருந்து எடுத்து இறந்தவர்களோடு வைக்க வேண்டும். அவன் பெயரும் அந்த இடத்தில் ஒரு தடவை சொல்லப்பட வேண்டும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசியில் சண்முகலிங்கம் மாஸ்டரை அடக்கம் பண்ணிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றும்போதே அவள் தொடங்கினாள்.

"மாஸ்டருக்கு எவ்வளவு வடிவாச் சொன்னியள். உங்கட பிள்ளைக்கு எப்ப?"

"ஜெகா, உடம்பைக் காணாமல் என்னெண்டு சொல்லுறது?"

"கடலில போனவைக்கு ஆர் உடம்பு காட்டினது? எங்கட சைவத்தில எண்டால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை முடிச்சு, போயிட்டு வா எண்டு அனுப்பி விடுவினம். உங்களைக் கட்டின குற்றத்துக்கு நான் எட்டு வருசமா வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"அவன் பயணத்தில இருக்கிறான்."

"என்ன பயணம் ஐயா அது? நடந்து வந்திருந்தாலே இதுக்குள்ள வந்து சேர்ந்திருப்பான்!"

ஐயர் சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். மேல்வீட்டில் கதிரை ஒன்று மெதுவாக நகர்ந்தது.

அடுத்த நாள் யோசெப்பின் ஜெகதீஸ்வரியை மேலே கூப்பிட்டனுப்பினாள். தன் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் அனுஷாவைக் காட்டத்தானாம். அனுஷா தமிழ்நாட்டு நாகர்கோவில் பிள்ளை. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் ஆராய்ச்சி செய்கிறாள். மாஸ்டரின் செத்தவீட்டுக்கு யோசெப்பினோடு துணைக்குப் போனவள், பிரசங்கம் தொடங்கியதும் கதிரையில் நிமிர்ந்தவள்தான், பிறகு சாயவே இல்லை.

"கேளுங்கோ ஐயரம்மா," யோசெப்பின் தேத்தண்ணியை வைத்தபடி தொடங்கினாள். "இந்தப் பிள்ளை தோர்ல்பி ஐயரைத்தான் படிக்குதாம். அந்தாள் வெள்ளைக்காரனாம்! செத்த மனுசனைப் பற்றிப் படிக்க இவ்வளவு தூரம் பிளேனில வரவேணுமோ?"

"உலகத்துலேயே அவரைப் படிக்கிறது நானும் என் புரொபசரும் மட்டும்தான்னு நெனச்சிட்டிருந்தேன் ஆன்ட்டி," என்றாள் அனுஷா. "இங்க என்னடான்னா ஒரு சபையே அவரைக் கேட்டு அழுதுட்டிருக்கு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இடைவெளி பேர் சொல்றதுக்காக விட்டது இல்ல."

ஜெகதீஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கவில்லை.

"அவருக்கு வால்டர்னு ஒரே பையன். படகுல போனான், திரும்பி வரல. உடம்பும் கெடைக்கல. அவனுக்காக எழுதினதுதான் அந்தப் பிரசங்கம். அந்த எடம் வரைக்கும் வந்துட்டாரு. பேர் வாயில வரல. ரொம்ப நேரம் அப்படியே நின்னுட்டு, மேடையை விட்டு எறங்கிப் போயிட்டாரு. மீதியைப் பேசவே இல்ல, அச்சுல மட்டும்தான் இருக்கு. புத்தகம் போடும்போதும், அந்த எடத்தை அப்படியே வெறுமையா விடுங்கன்னு சொல்லிட்டாரு."

"கடவுளே," என்றாள் யோசெப்பின். "பேந்து?"

"அப்புறம் சாகிற வரைக்கும் நாவல்தான். எல்லாத்துலயும் கடைசி அத்தியாயத்துல ஒருத்தன் கதவைத் தட்டுவான். கப்பல் உடைஞ்சு தீவுல ஒதுங்கியிருப்பான், இல்லன்னா எல்லாத்தையும் மறந்து எங்கயோ வேலை பாத்துட்டிருப்பான். எப்படியாவது வீடு வந்து சேர்ந்துடுவான். பத்திரிகைக்காரங்க கிண்டல் பண்ணியே எழுதினாங்க. அவர் விடல."

"பாவம், நல்லாத்தானே முடிச்சிருக்கிறார்?" யோசெப்பின் மூக்கை உறிஞ்சினாள்.

ஜெகதீஸ்வரி கேட்டாள். "அந்தாளின்ர மனுசி?"

"முன் வரிசைல இருந்தாங்கன்னு மட்டும் ஒரு குறிப்பு இருக்கு."

"அவ என்ன செய்தவ?"

"அதை யாரும் எழுதி வைக்கல ஆன்ட்டி."

வெளிப்படிக்கட்டின் இரும்புப் படிகளில் பனி இறுகிக் கிடந்தது. ஜெகதீஸ்வரி கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள். விழுந்துவிடுவாளோ என்று யோசெப்பின் மேலே நின்று பார்த்தாள். விழுந்தால் முதலில் தெரிய வேண்டும் அல்லவா.

ஐயர் சமையலறையில் பாணுக்கு மார்ஜரின் பூசிக்கொண்டிருந்தார். அவள் கோட்டையும் கழற்றாமல், கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அவர் கத்தியை வைத்துவிட்டு, பூசிய பாணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மனுசன் வாயடைச்சு நிண்ட இடத்தில," என்றார் கடைசியில், "நான் ஊரில உள்ள எல்லாற்ற பேரையும் வைச்சு நிரப்பியிருக்கிறன்."

"அதில பிழையில்லை. அவையளுக்கு அது தேவைப்பட்டது." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். "நீங்கள் அவற்ற பிரசங்கத்தை மட்டும்தான் எடுத்தனீங்கள் எண்டு இவ்வளவு நாளும் நினைச்சன். நாவலையும் எடுத்திட்டியள். ஞாயிறு ஞாயிறா எழுதுறியள். கடைசி அத்தியாயம்தான் வருகுதில்லை."

ஐயர் எழும்பி யன்னலடிக்குப் போனார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுக்காரன் காரில் பனி வழித்துக்கொண்டிருந்தான். மனிதர் அதையே பார்த்தார்.

"நான் அந்த இடத்தில அவன்ர பேரைச் சொன்னால்," என்றார், "அவனை நானே தள்ளிவிட்ட மாதிரி இருக்கும், ஜெகா."

அவர் விட்டுவிட்டுப் போன பாணை எடுத்துத் தட்டில் வைத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அந்த ஞாயிறும் பிருந்தன் பயணம் பண்ணினான். அடுத்த ஞாயிறும் பண்ணினான். பங்குனி பிறந்து, படிக்கட்டுப் பனி கரையத் தொடங்கிய ஒரு காலை, சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவளிடம் ஐயர் சொன்னார்.

"வாற சனிக்கிழமை கோயில் வெறுமனேதான் கிடக்குதாம்."

அவள் அரிசியை இன்னொரு தடவை களைந்தாள். "சிவாஜினிக்குச் சொல்லட்டோ?"

"சொல்லு."

சிவாஜினிக்குத்தான் அவள் சொன்னாள். வில்லரே முழுவதற்கும் யோசெப்பின் சொன்னாள். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலிருந்து கூட மெத்ரோ எடுத்து வந்தார்கள். துக்கத்துக்காக வந்தவர்கள் பாதி. மற்றவர் பிள்ளைகளுக்கெல்லாம் பேசிய ஐயர் தன் பிள்ளைக்கு என்ன பேசப் போகிறார் என்று பார்க்க வந்தவர்கள் மீதி. முன்னால் ஒரு சின்ன மேசையில் பிருந்தனின் பள்ளிக்கூடத்துப் படம் முதல்முறையாக வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துச் சிவாஜினியின் மகன் பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவள், "மாமா" என்று மட்டும் சொன்னாள்.

"தோர்ல்பி ஐயர் சொல்லுகிறார்," என்று ஐயர் தொடங்கினார்.

குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. ஜெகதீஸ்வரி முன் வரிசையில் இருந்து கேட்டாள். ஒவ்வொரு வசனமும் அவளுக்குத் தெரியும். ஒரு வித்தியாசத்தை அவள் மட்டும் கவனித்தாள். அன்றைக்கு அவர் பனியைச் சொல்லவில்லை. மறுபடி மாரி வெள்ளத்தைச் சொன்னார், அரிக்கன் லாம்பைச் சொன்னார். பிருந்தன் பனியைக் கண்டவன் அல்லவே.

லேஞ்சிகள் விரிந்தன.

"கடலும் நிலமும் தம்மிடம் உள்ளவரைத் திருப்பித் தரும் நாள்வரைக்கும், கர்த்தாவே, உம்முடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம்," என்றார் ஐயர்.

ஒரு மூச்சு நிறுத்தினார். அந்த மூச்சு முடிந்தது. அடுத்த மூச்சும் முடிந்தது. சுவரோரமாக ஹீற்றர் குழாய் இரண்டு மூன்று தரம் தட்டியது. யாரோ இருமப் போய் அடக்கிக்கொண்டார்கள். ஐயரின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவர் கை புத்தகத்தை விட்டு நழுவி மேடையின் ஓரத்தைத் தேடியது. அடுத்தது கால் படியைத் தேடும் என்பது ஜெகதீஸ்வரிக்குத் தெரிந்தது.

அவள் எழுந்தாள்.

"பேரின்பநாதன் பிருந்தன்," என்றாள்.

உரத்துச் சொல்லவில்லை. ஐயர் சொல்லும் முறைப்படி, தகப்பன் பெயரோடு சேர்த்து, பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது போலச் சொன்னாள். சொல்லிவிட்டு இருக்காமல் நின்றாள்.

ஐயர் அவளைப் பார்த்தார்.

"ஓம்," என்றார்.

ஆமாம் என்பதற்கு வீட்டில் சொல்லும் அந்தச் சொல்லைப் பிரசங்க மேடையிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. பிறகு அவர் புத்தகத்தை மறுபடி பிடித்து, தோர்ல்பி ஐயர் வாய்விட்டுச் சொல்லாமலே போன மீதியை, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். வாசித்து முடியும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

யோசெப்பின் விரித்த லேஞ்சியை மடியிலேயே வைத்திருந்தாள். அழ மறந்துபோனாள். மண்டபத்தில் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தபோது ஜெகதீஸ்வரியின் பக்கத்தில் வந்து நின்றவள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோப்பையை வாங்கித் தேத்தண்ணி நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். வில்லரேயில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அடுத்த நாள் ஞாயிறு. "தரை வழியாயும் கடல் வழியாயும் பயணம் பண்ணுகிறவர்களுக்காக," என்றார் ஐயர். பழக்கதோஷத்தில் சபை காத்திருந்தது. அவரும் ஒரு பெயரின் நீளத்துக்குக் காத்திருந்தார். முன் வரிசையில் ஜெகதீஸ்வரி கண்ணைத் திறக்காமல் இருந்தாள்.

"நோயாளிகளுக்காக," என்று ஐயர் தொடர்ந்தார்.