பட்டுக் கம்பி

தணிகாசலம் அந்தக் கிட்டாரை வாங்கி இரண்டு வருஷம் முடியப் போகிறது. அது வாய்விட்டுப் பேசி அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

கரண்டு கிட்டார் அப்படித்தான். மரக் கிட்டாருக்கு வயிறு உண்டு. அதற்குள் போய்ச் சத்தம் பெரிசாகி வெளியே வரும். இதற்கு வயிறு கிடையாது, கெட்டிப் பலகை. ஒயரைச் செருகி ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டால்தான் பேச்சு. போடாமல் மீட்டினால் ஈ சுற்றுகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். தணிகாசலம் அதன் மேல்முனையில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பான். எலும்பு வழியாகக் கொஞ்சம் உள்ளே கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே, பாக்ஸில் போட்டால் எப்படி இருக்கும் என்று மீதியை மனசுக்குள் போட்டு நிரப்பிக்கொள்வான்.

அவன் ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். காலையில் அடுப்பு மூட்டினால் சாயந்தரம் வரைக்கும் கொதிக்கிற தண்ணீர்தான். நூல் கொத்தைக் கழியில் மாட்டி, முக்கி, திருப்பி, முக்கி, திருப்பி, தோள்பட்டை தனியாகக் கழன்று தொங்குகிற மாதிரி ஆகிவிடும். வேலூரில் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த ஒருத்தர் தொண்ணூற்று ஐந்தில் பெங்களூருக்குக் குடிபோகும்போது இந்தக் கிட்டாரை அவனுக்கு விற்றுவிட்டுப் போனார். பேர்போன கம்பெனி இல்லை. புதிதாகக் கச்சேரியில் சேருகிறவர்கள் வாங்குகிற மலிவு ரகம். கொடுத்த பணமும் மலிவுதான். நிறம் சிவப்பு. சாயக்காரன் கண்ணுக்கு அது அரக்கும் இல்லை, குங்குமமும் இல்லை, நடுவில் பதம் தப்பிப்போன ஒரு சிவப்பு. பட்டறையில் அப்படி ஒரு கொத்து எடுத்திருந்தால் முதலாளி மூஞ்சியில் அடித்திருப்பார். ஆனாலும் தணிகாசலத்துக்கு அந்தச் சிவப்பு பிடித்துப்போனது.

அவன் பெண்சாதி கெங்கம்மாள் நூல் முறுக்குகிற மில்லில் வேலை செய்கிறவள். நாளெல்லாம் ஆயிரம் நூல் கதிர் சுற்றுகிற இரைச்சலில் நிற்கிறவள். கிட்டார் வந்த புதிதில் அதை அவள் ஊமைக் கட்டை என்றுதான் சொல்வாள். ஊமையை மடியில் போட்டுச் சீராட்டுகிற மனுஷனை இந்தத் தெருவில் நான் ஒருத்திதான் கட்டிகினேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.  ஒரு நாளைக்குப் பாக்ஸில் போடும்போது தெரியும் என்று அவன் இருந்துவிடுவான்.

பாக்ஸ் இல்லாமல் இல்லை. இரண்டு தெரு தள்ளி லோகநாதன் மைக் செட் வைத்திருந்தான். சொந்தமாக ஒரு ஆர்க்கெஸ்ட்ராவும் நடத்தினான். போய்க் கேட்டிருந்தால் அஞ்சு நிமிஷம் செருகிக் காட்டியிருப்பான். தணிகாசலம்தான் போகவில்லை. ஒரு பாட்டாவது முழுசாக வரட்டும், அப்புறம் போய் நிற்கலாம் என்று தள்ளினான். ஊருக்கே கேட்கிற பாக்ஸில் தப்புத் தப்பாக வாசித்தால் நாளைக்குக் காலையில் பட்டறையில் தலைகாட்ட முடியுமா என்று பயந்தான்.

பாட்டு வருவதற்குள் கம்பி போனது.

சாயத்தில் கலக்கிற ஆசிட் சாயக்காரன் கையைவிட்டுப் போகவே போகாது. எத்தனை சோப்புப் போட்டாலும் ரேகைக்குள் கொஞ்சம் நிற்கும். அந்த விரலால் தினமும் தொட்டுத் தொட்டு, மெலிசான கம்பி துருப்பிடித்து ஒரு நாள் டங்கென்று அறுந்துபோனது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வேலூருக்குப் போனான். கடைக்காரர் வீணைக் கம்பி இருக்கிறது, பிடில் கம்பி இருக்கிறது, இதற்கு மெட்ராஸ்தான் போகவேண்டும் என்றுவிட்டார். மெட்ராஸ் போக ஒரு நாள் வேலையை விடவேண்டும். கல்யாண சீசன், பட்டறையில் விடமாட்டார்கள். வெறும் கையோடு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

நாலு நாள் பார்த்தாள் கெங்கம்மாள். அஞ்சாம் நாள் மில்லிலிருந்து வரும்போது முந்தானையில் முடிந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். அவளே நின்று முறுக்கியது. பன்னிரண்டு இழையைச் சேர்த்து, வலது பக்கம் ஒரு முறுக்கு, இடது பக்கம் ஒரு முறுக்கு, மேலே தேன்மெழுகு தேய்த்து வழவழவென்று ஒரு பட்டுக் கம்பி.

"புடவையில நூறு வருசம் நிக்குது," என்றாள். "உன் கட்டையில நிக்காதா?"

கட்டினான். முறுக்கினான். நின்றது. மீட்டிப் பார்த்தால் இரும்பைவிட நைசாக, தாடைக்குள் தேன் இறங்குகிற மாதிரி இருந்தது. விரலும் வலிக்கவில்லை, துருவும் இல்லை. அவன் அவளைப் பார்த்த பார்வையில், கல்யாணமான புதிதில்கூட நீ இப்படிப் பார்த்ததில்லையே என்று அவளே கேட்டுவிட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு கம்பி போகும்போதும் அவள் ஒவ்வொன்று முறுக்கிக் கொடுத்தாள். எந்தக் கம்பிக்கு எத்தனை இழை என்று அவளுக்கே கணக்கு வந்துவிட்டது. கடைசியில் மேலே இருக்கிற தடித்த கம்பி ஒன்றுதான் இரும்பாக மிச்சம். ஊமைக் கட்டை என்று சொல்வதையும் அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

ஆடி மாசம் அம்மன் கோயில் திருவிழா வந்தது. லோகநாதன் ஆர்க்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிக்கிறவர் பெரணமல்லூர்க்காரர். மஞ்சக்காமாலையில் படுத்துவிட்டார். லோகநாதன் பட்டறைக்கே வந்து, அண்ணே நீங்க கிட்டார் வெச்சிகினு கீறீங்களாமே, ஞாயித்துக்கிழமை வந்து நாலு பாட்டுக்கு நில்லுங்க என்று கேட்டான். தணிகாசலத்துக்குக் கையில் இருந்த கழி நழுவிச் சாயத்தில் விழுந்தது. இப்போதுதான் இரண்டு பாட்டு அவனுக்கு முழுசாக வந்திருந்தது. இன்னும் இரண்டைச் சமாளித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குப் பாக்ஸ் டெஸ்ட் பண்ணிப் பார்க்க வரச்சொன்னார்கள். தகர ஷீட் போட்ட மேடை. கெங்கம்மாள் வேறு புடவை மாற்றி, பூ வைத்து, மேடைக்கு எதிரே முதல் ஆளாய் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். யார் கேட்டாலும் கம்பியெல்லாம் நான்தான் முறுக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

லோகநாதன் ஒயரைச் செருகினான். பாக்ஸ் 'உர்ர்' என்று ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சுக்கே தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வருஷமாகத் தாடையில் கேட்ட பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு, மெலிசான கம்பியில் தொடங்கினான்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அழுத்தி மீட்டினான். விரலுக்கடியில் கம்பி ஆடுகிறது, அதிர்கிறது, பாக்ஸ் மட்டும் கம்மென்று கிடக்கிறது. லோகநாதன் ஒயரை மாற்றினான். திருகுகளைத் திருகினான். வேறு ஓட்டையில் போட்டுப் பார்த்தான். டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தீனா, "இன்னாணா, கிட்டாரு அம்மனுக்கு மௌன விரதமா?" என்றான். மேடையில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். பதறிப்போய் தணிகாசலம் ஆறு கம்பியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தான். அப்போது தடித்த கம்பி மட்டும் 'தொம்' என்று கத்தியது. தகர ஷீட் அதிர்ந்தது.

லோகநாதன் குனிந்து கம்பியை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது இன்னா கம்பிணா?"

"பட்டு."

"பட்டா?"

லோகநாதன் சிரிக்கவில்லை. அதற்காகத் தணிகாசலம் அவனைக் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கம்பிக்குக் கீழே இருந்த கறுப்புப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அது டக்கென்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

"உள்ள காந்தம் கீதுணா. மேல இரும்பு ஆடுனாத்தான் அதுக்குத் தெரியும். பட்டு எவ்ளோ ஆடுனாலும் அதுக்குத் தெரியாது."

தணிகாசலம் அந்தக் கறுப்புப் பட்டையையே பார்த்தான். வாங்கின முதல் வாரத்தில் ஆறும் இரும்பாக இருந்தது. அன்றைக்கு இரண்டு தெரு நடந்திருந்தால் கேட்டிருக்கலாம். தப்பாக வாசித்திருந்தாலும் கேட்டிருக்கலாம்.

இன்றைக்கு இதை வைத்துக்கொண்டு முடியாது, கீபோர்டிலேயே சமாளித்துக்கொள்கிறேன் என்று லோகநாதன் தன்மையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினான். தணிகாசலம் ஒயர் செருகின இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"ஒரு நிமிசம் வுடு லோகு. இருக்கிற ஒண்ணையாவது கேட்டுக்கறேன்."

ஆறு கம்பியில் பழகின பாட்டை ஒரே கம்பியில் வாசித்தான். குறுக்கே போகவேண்டிய கை, கழுத்து நெடுக மேலும் கீழும் ஓடியது. ஆண் குரலில், அடிவயிற்றிலிருந்து வந்தது பாட்டு. அவன் மனசுக்குள் நிரப்பி வைத்திருந்த சத்தம் இது இல்லை. அதைவிடப் பெரிசு. ஒரு தரம் தொட்டால் விட்ட பிறகும் நின்றது. தரையிலிருந்து கால் வழியாக ஏறி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கோயில் பக்கம் பொங்கலுக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். தீனா குச்சியைக் கீழே வைத்துவிட்டான். இரண்டு அடி வாசித்திருப்பான். மூணாவது அடி மேலே ஏறவேண்டும். கையை நகர்த்தி நகர்த்திக் கழுத்து முடிகிற இடம் வரைக்கும் போனான், அதற்கு மேல் அந்தக் கம்பியில் இடமில்லை. பாட்டு அங்கேயே நின்றது.

கெங்கம்மாள் எழுந்து மேடை ஓரத்துக்கு வந்திருந்தாள். பேசினதெல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருந்தது.

"நான் முறுக்கினதாலதான் வாயக் கட்டிச்சா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் கட்டைவிரலைப் பார்த்தான். நூல் ஓடி ஓடி அறுத்த கோடு அதில் கறுப்பாக நின்றது. இந்த விரலிடம் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ஆமாம்மே," என்றான். "எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல."

அவள் அழவில்லை. மேடைப் பலகையில் கையை ஊன்றி எக்கி, தடித்த கம்பியை ஒற்றை விரலால் தட்டினாள். பாக்ஸ் தொம்மென்றது. பயந்து கையை எடுத்தாள். மறுபடி தட்டினாள்.

"இது ஒண்ணே இம்மாம் பெரிசா பேசுதே. மத்த அஞ்சும் எப்பிடிப் பேசும்?"

"தெர்லியே," என்றான் தணிகாசலம். "நான் கேட்டதே இல்லியே."

லோகநாதன் ஒயரை உருவினான். பாக்ஸ் 'டொப்' என்று அடங்கியது. அதே ஓட்டையில் கீபோர்டு ஒயர் போனது. தீனா டிரம்மைச் சரிபண்ண ஆரம்பித்தான். தணிகாசலம் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே இறங்கி வந்து, கெங்கம்மாளுக்குப் பக்கத்தில் நின்று இடது கையை விரித்துப் பார்த்தான். இரும்புக் கம்பி பதிந்த கோடு நாலு விரலிலும் சிவப்பாகத் தெரிந்தது. பட்டு ஒரு நாளும் இப்படிப் பதிந்ததில்லை. கோடு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தது. மறையட்டும் என்று இருக்க அவனால் முடியவில்லை. தோளில் தொங்குகிற கிட்டாரில் தடித்த கம்பியைத் தேடிப் பிடித்து, மீட்டாமல், சும்மா அழுத்திக்கொண்டு நின்றான்.