டேப்பெட் சத்தம்

தையற்காரனுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. மறுநாள் மனைவிக்கு அரசு வேலைக்கான பரீட்சை. வழியில் பைக் மக்கர் பண்ணக் கூடாதே என்று, சாயங்காலம் தானே உட்கார்ந்து சர்வீஸ் பண்ணினான். ஆயில் மாற்றியதோடு எழுந்திருக்கலாம். விதி யாரை விட்டது? பாதி சவர பிளேடை அளவுக்காகச் செருகி, எஞ்சின் வால்வைத் தட்டும் டேப்பெட்டுக்கு மயிரிழை இடைவெளியும் வைத்தான்.

காலையில் ஸ்டார்ட் செய்தால், டிக் டிக் டிக்.

ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். சத்தம் டேப்பெட்டிலிருந்துதான் வந்தது.

"ஏங்க, ஒன்பது மணிக்கு கேட்டைச் சாத்திருவாங்க."

"அஞ்சே நிமிஷம்மா. இந்தச் சத்தத்தோட கிளம்பினா பாதி வழியில நின்னுரும்."

அவளுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுப்படியில் நின்றும் பிள்ளையைத் தோளில் போட்டும் படித்தவள். அந்தப் பதற்றத்தில் இவனுக்கு பிளேடு வைத்து அளந்த ஞாபகமே வரவில்லை. சத்தம் அடங்கும்வரை திருகை இறுக்கினான். அடங்கியது. முகமெல்லாம் பல்லாகக் கிளம்பினான்.

மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறி, நின்றது. உதைத்தான். கிக்கர் கொஞ்சமும் எதிர்க்காமல் தொளதொளவென்று இறங்கியது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சூட்டில் வால்வு நீளும், அதற்குத்தான் அந்த இடைவெளி. இடமில்லாமல் வால்வு மூட முடியாமல் நிற்கிறது. அந்த டிக் டிக், அவன் சரியாக அளந்து வைத்த இடைவெளியின் சத்தம். ஸ்பேனர் வீட்டு வாசலிலேயே கிடந்தது.

"சூடு ஆறினா கிளம்பிரும்," என்றான்.

அவள் கைகாட்டிய வண்டி எதுவும் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். இவன் எஞ்சினுக்குச் சட்டையால் விசிறினான், வாயால் ஊதினான், அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு கெஞ்சினான்.

ஒருவழியாக வண்டி கிளம்பியபோது மணி ஒன்பது தாண்டியிருந்தது. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத் தெருமுனையிலேயே அவளைப் பார்த்துவிட்டான். திரும்பி வந்துகொண்டிருந்தாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானேங்க ஓடிட்டிருந்துச்சு," என்றாள்.